தோல் முன்னே, கிடார் பின்னே

ஏனாத்தூரில் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறேன். கோயில் திருவிழா, கூத்து, கல்லூரிக் கலைவிழா, காதுகுத்து, இறுதி ஊர்வலம் என்று ஒலிபெருக்கி தேவைப்படும் எல்லா இடத்துக்கும் எங்கள் வண்டி போகும். அதற்கு முன்னால் கேசட் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். இரண்டுமே காதை நம்பிச் செய்யும் தொழில்கள். நாட்டார் இசையையும் ப்ளூஸையும் ராக்கையும் கலந்து புதிதாக வரும் ஆல்பங்களில் எதைக் கேட்கலாம் என்று கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. நிகழ்ச்சி தொடங்கும் அவசரத்தில், கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் காஞ்சிபுரத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. 1993இல் சந்திரசேகரேந்திர சரஸ்வதி விசுவ மகாவித்யாலயா இங்கே தொடங்கப்பட்டது. பிறகு மீனாட்சி மருத்துவக் கல்லூரியும் வந்தது. கல்லூரிகள் வந்ததும் கிடாரும் டிரம்ஸும் எங்கள் வண்டியில் ஏறின. பம்பையும் உடுக்கையும் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்தப் பக்கத்தில் இருக்கின்றன. ஆடி மாதத்தில் ஒரே வாரத்துக்குள் மாரியம்மன் கோயில் வாசலிலும் கல்லூரி மேடையிலும் மைக் வைக்கிறவனுக்கு இந்த இரண்டு இசையும் தனித்தனி உலகங்களாகத் தெரியாது. இரண்டிலும் ஒரே மிக்சர், ஒரே கேபிள், ஒரே காதுதான்.

கேசட் ரெக்கார்டிங் சென்டர் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர் ஒரு தாளில் பாட்டுகளின் பெயரை எழுதிக் கொடுப்பார். கடையிலுள்ள எல்.பி. ரெக்கார்டுகளிலிருந்தும் கம்பெனி கேசட்டுகளிலிருந்தும் எடுத்து, டிடிகே, சோனி, மெல்ட்ராக் காலி கேசட்டில் பதிந்து கொடுப்போம். 60 கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடாதபடி நிமிடக் கணக்குப் பார்த்து அடுக்க வேண்டும். வேகமான பாட்டுக்குப் பின் எது வரலாம், ஒப்பாரிக்குப் பின் எது வரக்கூடாது என்பதெல்லாம் அந்த அடுக்கலில் கற்றவை. ஆல்பம் என்பது பாட்டுகளின் குவியல் இல்லை, அதற்கு ஒரு வரிசையும் போக்கும் உண்டு என்ற அறிவு எனக்கு அங்கேதான் வந்தது.

என் வாடிக்கையாளர்களில் நல்ல காதுக்காரர்கள் நெசவாளர்கள். பிள்ளையார்பாளையத்திலிருந்தும் அய்யம்பேட்டையிலிருந்தும் வருவார்கள். குழித்தறியில் கால் மிதிக்கட்டையிலும் கை நாடாவிலும் இருக்கும்போது எழுந்து போய் கேசட்டைத் திருப்ப முடியாது. கோர்வைப் புடவை என்றால் கரை நாடாவைத் தள்ள இன்னோர் ஆளும் உட்கார்ந்திருப்பார். ஒருவர் எழுந்தால் இருவர் வேலையும் நிற்கும். அதனால் அவர்கள் கேட்டது 90 கேசட். ஒரு பக்கம் 45 நிமிடம் ஓடும். பாட்டைத் தாண்டவோ மாற்றவோ வழியில்லாமல், போட்டதை முதலிலிருந்து கடைசிவரை கேட்டவர்கள் அவர்கள். ஒரே கேசட்டை வாரக்கணக்கில் கேட்டுவிட்டு, "அந்த மூணாவது பாட்டு தறி ஓட்டத்துக்கு ஒத்து வரல, எடுத்துடுங்க" என்று சொல்வார்கள். பாட்டின் நடையைப் பற்றி அவ்வளவு துல்லியமான விமர்சனத்தை எந்தப் பத்திரிகையிலும் நான் படித்ததில்லை.

சினிமாப் பாட்டுதான் கடையை ஓட்டியது. ஆனாலும் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனின் கேசட்டுகளையும் புஷ்பவனம் குப்புசாமியின் கேசட்டுகளையும் தேடி வந்தவர்கள் நிறைய. வந்தவாசி, செய்யாறு பக்கத்துக் கூத்துக் கேசட்டுகளுக்கு நிலையான கூட்டம் இருந்தது. 1986இல் இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்?' வந்தபோது, பாடல் வரி இல்லாத ஆல்பத்தையும் மக்கள் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று கேசட் வியாபாரிகள் தெரிந்துகொண்டார்கள். இன்னொரு பக்கம், கே.ஏ. குணசேகரன் இருந்தார். 'தன்னானே' கலைக்குழுவை நடத்தியவர், பேராசிரியர், 'வடு' என்ற தன்வரலாற்றை எழுதியவர். கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாடலை அவர் குரலில் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். சினிமா இசைக்கு வெளியே, கோபத்தோடும் அறிவோடும் நாட்டார் மெட்டைப் பாடிய ஒரு மரபு தமிழில் அப்போதே இருந்தது. 2016 ஜனவரியில் அவர் காலமானார். இன்றைய தமிழ் நாட்டார் ராக்கைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அவரிடமிருந்து தொடங்க வேண்டும்.

எம்.பி.3 வந்தது. ஒரு தட்டில் நூற்றுக்கும் மேலான பாட்டுகள். கேசட் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. வருமானம் போனதைவிட ஒலி போனதுதான் எனக்கு வலித்தது. 128 கே.பி.பி.எஸ்.ஸுக்குச் சுருக்கிய கோப்பில் கூத்துப் பாட்டைப் போட்டால் தாளம் கணீரென்று விழாது, தண்ணீர் சலசலப்பதுபோல் கேட்கும். இடத்தை மிச்சப்படுத்த ஒலியைக் கடுமையாகச் சுருக்கிவிடுவதால் வரும் கேடு அது. வரிசையும் போயிற்று. எழுத்து வரிசைப்படி பாட்டுகள் ஓடின. கடையை மூடிவிட்டு முழுநேரமாக மைக் செட் தொழிலுக்கு வந்தேன். அங்கே எனக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது கூத்து.

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கினால் விடியும் வரை. கடைசி நாள் படுகளம், மண்ணால் செய்த துரியோதனன் உருவம், தீமிதி. எங்கள் ஊருக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. 1990இல் தொடங்கப்பட்டது. பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் அங்கே 2002இலிருந்து 2020 வரை குருகுலம் நடத்தி, ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளுக்கும் படிப்போடு சேர்த்துக் கூத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். செய்யாறு வட்டாரத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை. கூத்துக்குச் செழிப்பான மண் இது.

கூத்தின் பக்கவாத்தியம் நான்கைந்துதான். ஆர்மோனியம், மத்தளம், டோலக், தாளம், முகவீணை. முகவீணை நாதசுரத்தைவிடச் சிறியது, ஒலி மிகவும் உச்சம். பாடுகிறவரின் குரலைத் தொட்டுத் தொடர்ந்து வரும். மைக் இல்லாத காலத்தில் ஆயிரம் பேருக்குக் கேட்கப் பாடியவர்கள் என்பதால் கூத்துக்காரர்களின் சுருதியும் உச்சம்தான். புதிதாக மைக் வைக்க வருகிறவன் பாடகரின் குரலை ஏற்றுவான். உச்சக் குரலும் குழாய் ஸ்பீக்கரும் சேர்ந்தால் மைக் ஊளையிடும். ஒரு கூத்து வாத்தியார் சொன்னது இன்னும் என் தொழில் விதியாக இருக்கிறது: "தம்பி, என் கொரல நீ ஏத்த வாணாம். முகவீணைய என் பக்கம் திருப்பிக் குடு. அது காதுல வுழுந்தா நான் விடிய விடியப் பாடுவேன்." பாடுகிறவருக்கு முதலில் எது கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள். கூட்டத்துக்கு எது போக வேண்டும் என்பது தானாக விளங்கும். மேடைக்குச் சொன்ன அந்த விதி ஆல்பத்துக்கும் பொருந்தும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

தோல் கருவிகளுக்கு மைக் வைப்பது தனி வித்தை. பறை வேப்பமரச் சட்டத்தில் மாட்டுத்தோல் இழுத்துக் கட்டியது. ஒரு கையில் குட்டையான அடிக்குச்சி, மறு கையில் மெல்லிய நீண்ட சிண்டுக்குச்சி. அடிப்பதற்கு முன் வைக்கோலை எரித்துத் தோலைக் காய்ச்சுவார்கள். சூடு இருக்கும்வரை ஒலி நிமிர்ந்து நிற்கும். பனி இறங்கினால் ஒலியும் இறங்கும், மீண்டும் காய்ச்ச வேண்டும். இரவில் ஒரே பறை பல சுருதிகளில் பேசும். அடிப்பவர் ஆடிக்கொண்டே அடிப்பதால் ஸ்டாண்டில் நட்ட மைக் உதவாது. முன்பக்கம் வைத்தால் குச்சியின் சட்டென்ற வெட்டு மட்டும் வரும். பின்பக்கம் வைத்தால் தோலின் கனம் வரும், வெட்டு போய்விடும். இரண்டும் வேண்டும். பம்பையோ இரட்டைக் கருவி. மர உடல் ஒன்று, பித்தளை உடல் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் குணம். உறுமியில் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து முனகலை எழுப்புவார்கள். அந்த முனகல் சுரங்களுக்கு நடுவே வழுக்கி ஏறி வழுக்கி இறங்கும். ஆர்மோனியத்திலோ கீபோர்டிலோ அதற்குக் கட்டை கிடையாது.

ப்ளூஸைக் கேட்டபோது எனக்கு அந்நியமாகப் படாததற்குக் காரணம் அந்த வழுக்கல்தான். அமெரிக்காவின் தெற்குப் பருத்திக் காடுகளில் வேலை செய்த கறுப்பின மக்களின் பாட்டு அது. பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருக்கும் சுரத்தை அவர்கள் குரலாலும், கிடார்க் கம்பியை விரலால் இழுத்தும், பாட்டில் கழுத்தைக் கம்பியில் உரசியும் பிடித்தார்கள். 1920இல் மேமி ஸ்மித் பாடிய 'கிரேஸி ப்ளூஸ்' தட்டு விற்ற பிறகுதான் கறுப்பின மக்களும் தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்குத் தெரிந்தது. 1936இலும் 1937இலும் ராபர்ட் ஜான்சன் பதிந்துவிட்டுப் போனது 29 பாட்டுகள். 1941இல் நாட்டார் பாட்டுகளைத் திரட்டிய ஆலன் லோமாக்ஸ் மிசிசிப்பியில் ஒரு பண்ணைக்குப் பதிவுக் கருவியோடு போய், அங்கே டிராக்டர் ஓட்டிய மட்டி வாட்டர்ஸின் பாட்டைப் பதிந்தார். இரண்டு ஆண்டுகளில் மட்டி வாட்டர்ஸ் சிகாகோ போனார். கூட்ட இரைச்சலைத் தாண்டிக் கேட்க மின் கிடாரை எடுத்தார். ராக் இசையின் வேர் அங்கே இருக்கிறது. மின்சாரம் வந்த பிறகும் அவர் குரலின் நடை பண்ணையில் பாடிய நடைதான். கிடார்தான் அவர் குரலுக்கு ஏற்ப வளைந்தது. இந்த ஒழுங்கை நான் எல்லா நல்ல ஆல்பத்திலும் பார்க்கிறேன்.

இப்போது ஆல்பங்களுக்கு வருகிறேன். முதலில், தமிழில் எதைக் கேட்டால் காது திறக்கும் என்று கேட்பவர்களுக்கு 'நாகூர் செஷன்ஸ்' என்பேன். சென்னையில் இயங்கிய எர்த்சிங்க் நிறுவனம் வெளியிட்டது. நாகூர் தர்காவின் பாடகர்களான அப்துல் கனி, அஜா மைதீன், சபூர்மைதீன் பாபா சபீர் ஆகிய மூவரும் பாடியிருக்கிறார்கள். அதே நிறுவனம் 2007இல் 'லயா புராஜெக்ட்' வெளியிட்டது. சுனாமி தாக்கிய கரைகளுக்கெல்லாம் போய், இந்தியா, இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியா, தாய்லாந்து, மியான்மர் ஆகிய நாடுகளின் பாட்டுகளைப் பதிந்த வேலை. பாடகர்களின் குரல் முதலில், பிற கருவிகள் அவர்களைச் சுற்றிப் பிறகு. குரலைத் துண்டு துண்டாக வெட்டித் தாளத்தில் ஒட்டாமல், அந்தக் குரல் இழுத்த இழுப்புக்கு இடம்விட்டு இசை கட்டப்பட்டிருக்கிறது.

அடுத்தது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதியின்மைக் கருத்திலிருந்து பெயர் எடுத்தவர்கள். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை, 19 பேர். அதே ஆண்டில் 'மகிழ்ச்சி' ஆல்பம். கானா பாடகர்கள், பறை, சட்டி, தவில், டிரம்ஸ், மின் கிடார், ராப் எல்லாம் ஒரே மேடையில். மைக் செட்காரனாக எனக்கு அது அதிசயம். பறையும் டிரம்ஸின் ஸ்னேரும் ஏறக்குறைய ஒரே ஒலிப் பட்டையில் மோதுகிறவை. இரண்டையும் ஒரே நேரத்தில் முழுதாக ஏற்றினால் இரண்டுமே கேட்காது. 'மகிழ்ச்சி'யில் பறை பேசும் இடங்களில் டிரம்ஸ் ஒதுங்குகிறது, கானா தாளம் வரும்போது கிடார் தாளமாகவே வெட்டி வெட்டி வாசிக்கிறது. அரசியலில் அவர்கள் சொல்லும் சமத்துவத்தை ஒலியிலும் செய்து காட்டியிருக்கிறார்கள். இந்தக் குழுவின் இசைவாணியை 2020இல் பிபிசி தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. ஆண்களே நிறைந்திருந்த கானா உலகில் அவர் குரல் எழுந்தது பெரிய மாற்றம்.

அந்தக் குழுவிலிருந்து வந்த அறிவு எங்கள் பக்கத்துப் பிள்ளை. அரக்கோணத்தில் பிறந்தவர், இங்கிருந்து ரயிலில் போகும் தூரம். 2019இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்'. 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி'. வள்ளியம்மா அவருடைய பாட்டி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பியவர். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர்களை எண்ணிக்கை போட்டுப் பிரித்தது. அந்த வரலாற்றைச் சுமந்த குடும்பங்கள் தமிழகத்தில் நிறைய. பருத்திக் காட்டிலிருந்து ப்ளூஸ் பிறந்தது என்று சொல்கிறோம். தேயிலைக் காட்டிலும் ரப்பர் காட்டிலும் நம்மவர்கள் பாடியதிலிருந்து ஏன் ஒன்றும் பிறக்கவில்லை என்று பல காலம் நினைத்திருக்கிறேன். இந்த ஆல்பத்தைக் கேட்ட பிறகு பிறந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்கிறேன். ஒப்பாரியின் இழுப்பும் ராப்பின் வெட்டும் எதிரெதிர் குணங்கள். அறிவின் வாயில் இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. வரிசை மாறாமல் கேட்க வேண்டிய ஆல்பம் இது.

பாட்டு வரிக்காகக் கேட்கிறவர்களுக்குக் கபேர் வாசுகியைச் சொல்வேன். 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' என்று 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடியதன் வரிகள் அவருடையவை. எண்ணூர்க் கழிமுகத்தின் கதையைச் சென்னைப் பேச்சுத் தமிழில் கர்நாடக ராகத்துக்குள் கொண்டுவந்தார்கள். வாசுகியின் 'அழகு புராணம்' ஆல்பத்தில் கிடாரும் குரலும்தான் பெரும்பாலும். ஒரு மனிதன் எதிரே உட்கார்ந்து சொல்வதுபோல் பாடுவார். தஞ்சாவூர் ரெட்டிப்பாளையத்து அந்தோணிதாசனோ மேடைக்குப் பிறந்தவர். தர்புகா சிவா, பிரதீப் குமார் ஆகியோரோடு 'லா பொங்கல்' குழுவில் அவர் பாடியதைத் தேடிக் கேளுங்கள். கரகாட்ட மேடையில் பழகிய குரல் என்பதால் மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட பாடகருக்கு மிக்சரில் கை வைக்க வேண்டிய தேவையே வராது.

பக்கத்து மாநிலங்களிலும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. 2008இல் கேரளத்தின் 'அவியல்' குழு தன் பெயரிலேயே ஓர் ஆல்பம் போட்டது. ராக் என்றால் ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும் என்ற எண்ணத்தை மலையாளத்தில் உடைத்த ஆல்பம். பெங்களூரின் 'அகம்' குழு 2012இல் 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்', 2017இல் 'எ டிரீம் டு ரிமெம்பர்' என்று கர்நாடக இசையை ராக்கோடு சேர்த்தது. பெரிய மேடைக்கான இசை அது, நல்ல பாக்ஸ் வைத்துக் கேட்டால்தான் அதன் அடுக்குகள் தெரியும். இவர்கள் எல்லாருக்கும் முன்னோடி டெல்லியின் 'இந்தியன் ஓஷன்'. 2000இல் வந்த அவர்களது 'கந்திசா' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் அராமைய வழிபாட்டுப் பாடல். ஷில்லாங்கின் 'சோல்மேட்' குழு நேரான ப்ளூஸ். ரூடி வாலங்கின் கிடாரும் டிப்ரிட்டியின் குரலும் ஒன்றையொன்று கேட்டுக் கேட்டுப் பதில் சொல்வதை 'ஷில்லாங்' ஆல்பத்தில் கேட்கலாம்.

வெளிநாட்டில் வாழும் நம்மவர்களில் இருவர். லண்டனில் பிறந்த சுசீலா ராமன் 2001இல் 'சால்ட் ரெயின்' ஆல்பத்துக்காக மெர்க்குரி பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். 2011இல் வந்த அவருடைய 'வேல்' ஆல்பத்தில் முருகன் பாட்டுகள் மின் கிடாரோடு வரும். சாமி வந்து ஆடும் இடத்தில் எழும் வேகம் அதில் இருக்கிறது. மற்றவர் கணவ்யா. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 2024இல் வந்த 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' ஆல்பத்தை ஹூஸ்டன் நகரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களைக் கூட்டிப் பதிந்தார். சத்தம் மிகக் குறைவு, மூச்சு விடுவது கேட்கும். எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் யாரும் இல்லாத மதிய வேளையில் ஒருவர் தனக்காகப் பாடினால் கல் எப்படித் திருப்பிச் சொல்லுமோ, அந்த ஒலியை அதில் கேட்டேன். 2025இல் வந்த அவருடைய 'நிலம்' ஆல்பத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

தூரத்திலிருந்து இரண்டு. சகாரா பாலைவனத்தின் துவாரெக் மக்களான 'தினாரிவென்' குழு 2011இல் 'தசிலி' ஆல்பத்தை அல்ஜீரியப் பாலைவனத்தில் கூடாரம் அடித்துப் பதிந்தது. ஸ்டூடியோ அறையின் எதிரொலி எதுவும் அதில் இல்லை. பந்தல் போட்ட மைதானத்தில் வேலை செய்கிற எனக்கு அந்த வறண்ட ஒலி நெருக்கமாக இருந்தது. அமெரிக்காவின் பெரிய கிராமி விருது அந்தக் கூடாரப் பதிவுக்குக் கிடைத்தது. இன்னொன்று, மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலிலிருந்து வந்த இளைஞர் 'கிங்ஃபிஷ்' இங்கிராமின் '662'. 2021இல் வந்தது. தலைப்பு அவர் ஊரின் தொலைபேசிக் குறியீட்டு எண். ப்ளூஸ் முதியவர்களின் இசை என்று நினைப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

இவ்வளவு ஆல்பங்களையும் நான் நான்கு விஷயங்களை வைத்து எடைபோடுகிறேன். முதலாவது, தோலின் கனம் கேட்கிறதா? குச்சியின் வெட்டை மட்டும் வைத்துக்கொண்டு உடலை வெட்டி எறிந்த பறை ஒலியை நிறையப் பதிவுகளில் கேட்கிறேன். கணினியில் இருக்கும் ஒரே பறை அடியை நூறு முறை ஒட்டினாலும் அது பறை ஆகாது. மனிதர் அடிக்கும் இரண்டு அடிகள் ஒன்றாக இருப்பதில்லை.

இரண்டாவது, சுருதி யாருடையது? நாட்டார் பாடகருக்கென்று ஒரு சுருதி இருக்கும். கிடார்காரருக்கு வசதியான சுருதிக்கு அவரை இழுத்தால் குரல் செத்துவிடும். ஒரு கல்லூரி மேடையில், ஊர்ப் பம்பைக்காரர்களோடு பாட வந்த பாட்டி ஐந்தரைக் கட்டையில் பாடினார். கிடார் வாசித்த பையன் ஒரு வார்த்தை பேசாமல், கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போவை நகர்த்திப் பாட்டியின் சுருதிக்குப் போனான். அந்தப் பையன் நல்ல இசைக்காரன்.

மூன்றாவது, நடை மூச்சு விடுகிறதா? கூத்தில் வேடம் ஆவேசம் கொள்ளும்போது தாளம் தானாக ஏறும், அழுகையில் இறங்கும். ஸ்டூடியோவில் கிளிக் டிராக் போட்டு எல்லாரையும் ஒரே வேகத்தில் கட்டிவைக்கிறார்கள். ராப்புக்கு அது சரி. ஒப்பாரிக்குச் சரியில்லை.

நான்காவது, வாசித்தவர் பெயர் இருக்கிறதா? கிடார், கீபோர்டு, மிக்சிங், மாஸ்டரிங் எல்லாவற்றுக்கும் பெயர் போட்டுவிட்டு, உறுமி அடித்தவரை 'கிராமிய இசைக்குழு' என்று ஒற்றை வார்த்தையில் முடித்த உறைகளைப் பார்த்திருக்கிறேன். 2025இல் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆசான்களுக்கு நாடு விருது கொடுக்கும் காலத்தில் ஆல்பம் போடுகிறவர்கள் பெயராவது போட வேண்டும்.

கல்லூரி மேடையில் ஒவ்வொரு ஆண்டும் ஒரே உரையாடல் நடக்கும். "அண்ணே, கிடாரைக் கொஞ்சம் ஏத்துங்கண்ணே" என்பான் பையன். "இருப்பா, பறையை முதல்ல நிறுத்திக்கறேன். அது நின்னப்புறம் உன் கிடாருக்கு எங்க எடம்னு ரெண்டு பேரும் பார்ப்போம்" என்பேன். பறையின் ஒலியைச் சரியாக நிலைநிறுத்திவிட்டால் கிடாருக்கு இடம் தானே கிடைக்கும். கிடாரை முதலில் நிலைநிறுத்தினால் பறைக்கு இடமே கிடைக்காமல் போகும். ஒலி செய்கிறவர்கள் இதை அனுபவத்தில் கற்றுக்கொள்கிறார்கள். நாட்டார் இசையோடு ராக் கலக்க விரும்பும் இளைஞர்கள் பாட்டு எழுதும்போதே இதைச் செய்ய வேண்டும். பறை அடியை முதலில் கட்டுங்கள், பாடுகிறவரின் சுருதியை வையுங்கள், பிறகு கிடாரைக் கையில் எடுங்கள்.

கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் வராது. உறுமியின் முனகலும் பறையின் உடலும் பேஸ் கிடாரும் அதில் காணாமல் போய்விடும். வீட்டில் பழைய ஸ்பீக்கர் பாக்ஸ் இருந்தால் அதில் கேளுங்கள், இல்லையென்றால் காதை மூடும் நல்ல ஹெட்போனில் கேளுங்கள். சத்தத்தைக் குறைவாக வைத்து, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை தாண்டாமல் கேளுங்கள். பிடித்தால் காசு கொடுத்து வாங்குங்கள், குழு உங்கள் ஊருக்கு வந்தால் சீட்டு வாங்கிப் போங்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் காஞ்சிபுரம் பக்கம் வந்தால் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் இரவு கூத்து நடந்துகொண்டிருக்கும். போய் முன்வரிசையில் தரையில் உட்காருங்கள். மேலே சொன்ன ஆல்பங்களில் எது உண்மை, எது பூச்சு என்று விடிவதற்குள் உங்கள் காதே சொல்லிவிடும்.